ஜாஸ்மினின் சீட்டைக் காப்பாற்றிய எழிலரசி

ஜாஸ்மின் வேலூருக்குக் கிளம்பியது ஜூலை ஏழாம் தேதி, திங்கட்கிழமை. அவள் அம்மா லீலா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தார். லீலாவுக்கு மூன்று மகன்கள். மூவரும் அம்மாவின் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். உயிரை வைத்துவிட்டதாலோ என்னவோ, லீவு போட அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. அதனால் மகள் போனாள்.

மண்ணூர் பஸ் நிறுத்தத்தில் அன்று காலை ஐந்தேகாலுக்கு இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். எழிலரசி கம்பெனி பஸ்ஸுக்காக. ஜாஸ்மின் ஒரு பையோடும் ஃபிளாஸ்கோடும் ஊர் பஸ்ஸுக்காக.

"அக்கா, ஒரே மாசம். என் சீட்ட மட்டும் பாத்துக்க."

"உன் சீட்டு இன்னா கால் மொளச்சி ஓடிடப் போவுதா? நான் கீறேன்ல, போடீ."

சீட் என்றால் நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். எட்டரை மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் வேலைக்கு அந்தத் தொழிற்சாலையில் வைத்திருக்கும் பெயர் அது. கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடிகளைப் பொருத்தும் வரிசையில், கண்ணாடியின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் மோட்டாரை வைத்து ஸ்க்ரூ முடுக்குவது எழிலரசி. அடுத்து நின்று வயரைச் செருகி, கண்ணாடியை அழுத்திப் பதிப்பது ஜாஸ்மின். இருவரும் கான்ட்ராக்ட். எழிலரசி ஏழு வருடமாக கான்ட்ராக்ட், நிரந்தரமாகத் தற்காலிகம்.

கான்ட்ராக்ட் ஆள் லீவில் போனால் மூன்றாம் நாள் அவள் இடத்தில் புது ஆள் நிற்பாள். திரும்பி வருகிறவள் கேட் வாசலோடு திரும்பிப் போக வேண்டியதுதான். இதற்குப் பெண்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். பக்கத்து சீட்டுக்காரி இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்து, மணிக்கு நாற்பத்தெட்டு கண்ணாடி என்ற கணக்கைக் குறையாமல் காட்டிவிட்டால் புது ஆளைக் கேட்க மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் எழிலரசிக்குக் கருப்பை ஆபரேஷன் நடந்தபோது இருபத்திரண்டு நாள் அவள் சீட்டைப் பார்த்துக்கொண்டது ஜாஸ்மின்தான்.

முதல் வாரம் எழிலரசி ஸ்க்ரூ முடுக்கி, முடுக்கும் துப்பாக்கியைக் கீழே வைத்து, நாலு எட்டு நடந்து, கூட்டைத் திருப்பி, வயரைச் செருகி, கண்ணாடியைப் பதித்து, நாலு எட்டு திரும்பி நடந்தாள். சனிக்கிழமை மணிக்கட்டு இட்லி மாதிரி உப்பியிருந்தது. சூப்பர்வைசர் தளவாய் திருநெல்வேலிக்காரர், நல்லவர். அதாவது, எல்லாவற்றுக்கும் வருத்தப்படுவார்.

"எழிலு, கை என்னத்துக்கு ஆவும்? கான்ட்ராக்டர்ட்ட ஒரு ஆளு கேக்கட்டுமா?"

"வேணாம் சார். அவ வந்துருவா."

"நாப்பத்தெட்டு வரணும் பாத்துக்கோ. வரலன்னா நான் என்ன செய்யதுக்கு?"

அவர் என்ன செய்வார், பாவம். வருத்தப்படுவார்.

இரண்டாவது வாரம் கணக்கு நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. எழிலரசிக்குத் தூக்கம் போயிற்று. வீட்டில் கணவன் பிரசன்னாவிடம் சொல்லலாம் என்றால், அவன் ஒரு கிடங்கில் நைட் ஷிஃப்ட். இருவரும் முழித்த கண்ணோடு சந்திப்பது சாயங்காலம் ஒரு மணி நேரம். கல்யாண வாழ்க்கை சண்டையே இல்லாமல் போய்க்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவள் கண் டேபிள் ஃபேனில் விழுந்தது. பிரசன்னா அதை இரண்டு வருடமாக ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். இறக்கை ஒரு பக்கம், கூண்டு ஒரு பக்கம். ஆனால் கழுத்து மட்டும் நன்றாக நாலா பக்கமும் திரும்பியது. கூட்டை ஒருத்தி தூக்கித் திருப்புவதற்குப் பதில் இது திருப்பினால் என்ன என்று தோன்றியது. கழுத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் முறத்தை வெட்டி வைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினாள்.

"ஃபேன எங்க எடுத்துகினு போற? நான் ரிப்பேர் பண்ணிகினுகீறேன்ல."

"கம்பெனில காத்து வரல."

உள்ளேயிருந்து ஒரு நட்டு வெளியே போனால்கூடப் பிடிக்கத் தெரிந்த செக்யூரிட்டிக்கு, வெளியிலிருந்து உள்ளே வரும் உடைந்த ஃபேனை என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் தளவாய் கையெழுத்துப் போட்டார். 'பழைய மின்விசிறி ஒன்று, இறக்கை இல்லை' என்று நோட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்கள்.

அன்று மத்தியானமே நாற்பத்தெட்டு வந்தது. நடை இல்லை, தூக்கல் இல்லை. அந்த ஃபேன் ஸ்டாண்டை ஒரு தட்டுத் தட்டினால் கூடு அதுவாகத் திரும்பி முகத்தைக் காட்டியது. மூன்றாம் நாள் ஐம்பத்திரண்டு. எழிலரசி ஜாஸ்மினுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: "உன் சீட்டு பத்தரமா கீது. நீ நிம்மதியா அம்மாவ பாரு."

ஜாஸ்மினிடமிருந்து பதில் வந்தது. ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். அண்ணன்கள் மூவரும் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, அம்மாவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, டிராஃபிக் ஆகிவிடும் என்று சாயங்காலத்துக்குள் கிளம்பிவிட்டார்களாம். அம்மாவுக்கு மகன்கள் வந்துபோன சந்தோஷத்திலேயே பாதி குணமாகிவிட்டதாம்.

மூன்றாவது வாரம் ஜெபகுமார் சார் வந்தார். வேலை நேரத்தை அளக்கும் என்ஜினியர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், முகத்தில் புன்னகை. அந்த வரிசையில் முதல் நாள் சேரும் பெண்ணுக்கு செருப்பை எங்கே விடுவது என்று சொல்வதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்: ஸ்டாப்வாட்ச் வந்தால் கை நிதானமாகிவிட வேண்டும்; அன்று அளக்கிற வேகம்தான் பிறகு எல்லோருக்கும் இலக்கு. ஸ்க்ரூ கீழே விழ வேண்டும், வயர் ஒரு தடவை தப்ப வேண்டும், கண்ணாடியைத் துடைத்தது போதாமல் மறுபடி துடைக்க வேண்டும். ஏழு வருடமாக, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தவளே எழிலரசிதான்.

ஆனால் ஜெபகுமார் சார், "இதை நீங்களேவா செஞ்சீங்க? பிரமாதம்மா," என்றார். ஏழு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவளை யாரும் 'நீங்க' என்றதில்லை. போதாததற்கு, கணக்கு குறைந்தால் புது ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம் வேறு. தளவாய் அவருக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கீழே அமர்த்தி அமர்த்திக் காட்டினார். சந்தோஷத்தில் ஆசீர்வாதம் செய்கிறார் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தேழு செய்தாள்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி விழா. சிறந்த யோசனைக்கான சான்றிதழ், ஒரு ஹாட் பாக்ஸ், எல்லோருக்கும் லட்டு. "இந்த மாதிரி ஆளுங்க பர்மனென்ட்டா நமக்கு வேணும்," என்று ஜெபகுமார் சார் மைக்கில் சொன்னார். பர்மனென்ட் என்ற சொல் மட்டும் எழிலரசி காதில் விழுந்து அன்று முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஹாட் பாக்ஸை, ஆடிக் கூழ் ஊற்ற குன்றத்தூரிலிருந்து வந்த மாமியார் மரகதம் ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போனார். "உனக்கு எதுக்கும்மா, நீதான் கம்பெனில துண்றியே." சான்றிதழைக் கேட்கவில்லை.

ஃபேன் கழுத்தின் பக்கத்தில் எழிலரசி நிற்கும் படத்தைத் தளவாய் அனுப்பியிருந்தார். அவள் அதை வேலூருக்கு அனுப்பினாள். ஜாஸ்மின் பதினாலு கைதட்டல் போட்டு, படத்தைத் தன் ஸ்டேட்டஸிலும் வைத்தாள்: 'எங்க அக்கா மாஸ்.'

ஆறாம் தேதி ஜாஸ்மின் திரும்பினாள். பஸ்ஸில் வழியெல்லாம் பேச்சு. அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார், பக்கத்துப் படுக்கைக்காரிக்கும் அம்மாவுக்கும் ஜன்னல் யாருக்கு என்று மூன்று நாள் சண்டை. எழிலரசி தன் மணிக்கட்டைக் காட்டினாள், மாமியாரைப் போல் பேசிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்ததில் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெண் எழுந்து திட்டினாள். எழிலரசிக்கு அந்த மாதத்தில் அதுதான் நல்ல நாள். அது நாற்பது நிமிஷம் நீடித்தது.

கேட்டில் ஜாஸ்மினின் கார்டுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. தளவாய் வெளியே வந்தார், முகத்தில் வருத்தம் தயாராக இருந்தது.

"ஜாஸ்மினு, ஒன் சீட்டு இல்லம்மா."

"யாரப் போட்டீங்க சார்?"

"யாரையும் போடலம்மா. சீட்டே இல்ல. மூணு ஷிஃப்ட்லயும் எடுத்துட்டாவ. இனிமே ரெண்டு வேலைக்கு ஒரு ஆளு, ஒரு ஸ்டாண்டு."

ஜாஸ்மின் எழிலரசியைப் பார்த்தாள்.

"நான் உன்ன இன்னாக்கா பண்ணச் சொன்னேன்?"

"சீட்ட பாத்துக்கச் சொன்ன."

"நல்லா பாத்துகின. கைதட்டலு கூட நான்தான் போட்டேன்."

எழிலரசி ஏதாவது சொல்லியிருக்கலாம். நானும் வரவில்லை என்று திரும்பியிருக்கலாம். ஆனால் மணி ஐந்து ஐம்பத்தெட்டு. ஆறு தாண்டினால் அரை நாள் போய்விடும். அவள் கை அவளைக் கேட்காமலே கார்டை வைத்தது. பச்சை எரிந்தது.

அன்று அவள் நாற்பத்தொன்றுதான் செய்தாள். ஸ்க்ரூவைக் கீழே போட்டாள், கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தாள். ஸ்டாப்வாட்ச் போய் இரண்டு வாரம் ஆகியிருந்ததால் அதைப் பார்க்க ஆள் இல்லை. அறிவிப்புப் பலகையில் இருந்த இலக்கு மட்டும் ஐம்பத்தேழு என்று மாறியிருந்தது.

பர்மனென்ட் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. எழிலரசி அனுப்பிய பதினொரு வாய்ஸ் மெசேஜில் ஒன்றைக்கூட ஜாஸ்மின் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பக்கத்தில் நீலக் குறி விழுந்திருக்கும். மண்ணூர் நிறுத்தத்தில் அவள் வேறு கம்பெனி பஸ் ஏறுவதாகச் சொன்னார்கள். எழிலரசியின் பஸ் போன பிறகுதான் அவள் நிறுத்தத்துக்கே வருவாளாம்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், பிரசன்னா புதிதாக ஒரு மிக்ஸியைக் கழற்றிப் போட்டிருந்தபோது, போன் அதிர்ந்தது. ஒரு படம். மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்பு ஸ்டாண்டுகள், வரிசையாகப் பன்னிரண்டு. கழுத்து மட்டும் அதே கழுத்து. கீழே ஜாஸ்மின் எழுதியிருந்தாள்:

"அக்கா, நான் இப்ப ஒரகடத்துல கீறேன். உன் ஃபேன் இங்கயும் வந்துருச்சி. இங்க எவளுக்கும் அத திருப்பத் தெர்ல. எனக்குத் தெரியும்னேன், உன் போட்டோவ நாலு வாட்டி பாத்ததுதான். அதுக்கே என்ன டிரெயினரா போட்டுட்டாங்க. நாளைக்கு ஸ்டாப்வாட்ச் வருதாம். பன்னண்டு பொண்ணுங்க கீதுங்க. எவ்ளோ மெதுவா பண்ணச் சொல்லணும்னு கரெக்டா சொல்லு. இந்த வாட்டியாவது."