அம்மனிடம் கொடுத்த பொய்ச் சீட்டு

ஆரணியில் எங்கள் நெசவாளர் தெரு அம்மன் கோயிலில் பரீட்சைக் காலம் வந்தால் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் பேரில் அர்ச்சனை நடக்கும். பேர், நட்சத்திரம், என்ன படிப்பு, மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பூசாரி அதை மைக்கில் படிப்பார். அம்மன் காதில் விழுகிறதோ இல்லையோ, தெருவே கேட்டுவிடும்.

என் மகள் பாண்டிச்சேரியில் தங்கிப் பிரெஞ்சும் மொழியியலும் படிக்கிறாள். சேர்ந்த புதிதில் சேத்துப்பட்டிலிருந்து வந்த என் சகலை, "பிரெஞ்சு படிச்சிட்டு ஆரணியில யாராண்ட பேசப் போவுது? தறியாண்டயா?" என்று சிரித்தார். அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்று சொல்லிவிட்டேன். நான் எட்டாவது வரைதான். பொய் சொல்ல அது போதுமாக இருந்தது.

போன பங்குனியில் லீவுக்கு வந்தவள், "வியாழக்கிழமை வாய்மொழிப் பரீட்சைப்பா. வாத்தியாருங்க எதிர்ல ஒக்காந்து பிரெஞ்சுலயே பேசணும். பயமா இருக்கு, அம்மனாண்ட என் பேர்ல ஒரு சீட்டு குடு" என்றாள்.

கொடுத்தேன். அந்த வெள்ளிக்கிழமை சீட்டு எழுதும்போது பக்கத்தில் தெருக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தானாகக் கம்ப்யூட்டர் என்று எழுதியது. பெண்கள் வரிசையில் கண்மூடி நின்றவள், மைக்கில் அதைக் கேட்டதும் கண்ணைத் திறந்தாள்.

வெளியே வந்து குங்குமத்தை நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"கம்ப்யூட்டர் பரீட்சைக்குப் போற அந்தப் பொண்ணு யாருப்பா?"

"ஜனங்க ஒரு மாதிரி பேசுறாங்கம்மா…"

"ஜனங்களுக்கு என்னா வேணா சொல்லிக்கோ. சாமியாண்டயுமா? இது எனக்கு வந்த குங்குமம் இல்ல."

மறுநாள் வெறும் நெற்றியோடு பஸ் ஏறினாள்.

அதன்பிறகு தினமும் அந்தக் கோயிலைத் தாண்டித்தான் தறிக்குப் போனேன். ஒருநாளும் உள்ளே போய் நிற்கத் துணிச்சல் வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் போன் செய்தேன். "முடிஞ்சிடுச்சி" என்றாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை படிப்பைச் சரியாக எழுதிச் சீட்டைக் கொடுத்தேன். பூசாரி மைக்கை அணைக்காமலே, "என்னாங்க, போன வாரம் வேற சொன்னீங்களே?" என்றார்.

"போன வாரம் சொன்னது பொய்ங்க."

"மொழியியல்னா?"

"நாம பேசிகினு இருக்கோமே, அது எப்படி வருதுன்னு படிக்கிறதுங்க."

"பேசறதுக்கு ஒரு படிப்பா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "எங்க வூட்ல இருக்கறவ பட்டமே வாங்கிடுவா." எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்புக்கா நான் இத்தனை நாள் பயந்தேன்?

பரீட்சை முடிந்த மறுநாள் செய்த அர்ச்சனை அது. அந்தக் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துப் பூஜை மாடத்தில் வைத்திருக்கிறேன். அவள் வந்ததும் கொடுக்க வேண்டும். அவள் அதை வாங்கிக்கொள்ள வேண்டும் தாயே என்று வேண்டத்தான் நினைக்கிறேன். அந்தச் சன்னதியில் இன்னும் எனக்கு வாய் வரவில்லை.