குறூப்பில் போட்ட அழைப்பு

மாலை ஆறு மணி பஸ்ஸைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டார்கள். திருகோணமலையில் ரியூசன் முடிந்து இறக்கக்கண்டிப் பக்கம் திரும்புகிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு பஸ்தான் இருந்தது. என் மகள் உயர்தரத்தில் விஞ்ஞானம் தொடங்கியிருக்கிறாள், இரண்டு வருசப் படிப்பு. வழியில் இருக்கிற எங்கள் சாம்பல்தீவுக்குத் தினமும் ஓட்டோ பிடிக்க எங்களுக்கு வசதி இல்லை. ஒரு நாள் அவள் சட்டி கழுவிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல், "நான் ஆர்ட்ஸுக்கு மாறுறன் அம்மா. அதுக்குப் பள்ளிக்கூடத்தில படிக்கிறது காணும், ரியூசன் தேவையில்லை," என்றாள்.

அன்றைக்கே தாய்மார், அம்மம்மாமாரையெல்லாம் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குறூப் தொடங்கினேன். புதன்கிழமை காலை பஸ் டிப்போவுக்கு முன்னால் எல்லாரும் கூடுவோம் என்று எழுதிப் போட்டேன். சரி என்கிற கட்டைவிரல் படங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. துள்ளிக்கொண்டு போனேன். டிப்போ வாசலில் நானும், பக்கத்து வீட்டுக்காரியும், டவுனுக்குள் திரிகிற மான் ஒன்றும்தான் நின்றோம். பொறுப்பதிகாரி கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

வந்த கோபத்தில் குறூப்பையே அழித்திருப்பேன். திரும்பும் வழியில் சந்தையில், நான் ராத்தா என்று கூப்பிடுகிற இறக்கக்கண்டி முஸ்லிம் அக்காவைக் கண்டேன். அவருடைய மகளும் என் மகளோடுதான் படிக்கிறாள். முதலில் கட்டைவிரல் போட்டதும் அவர்தான். ஏன் வரவில்லை என்று நேரடியாகவே கேட்டேன். அவர் மீனைப் பையில் போட்டுக்கொண்டே, "நீங்க எனக்குச் சொல்லல்லதானே தங்கச்சி. குறூப்பில போட்டீங்க. சொல்லாத இடத்துக்கு எப்படி வாற?" என்றார்.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், நான் மட்டும் என்ன திறமா? போன மாதம் ஒரு கலியாணக் கார்ட்டைப் படமெடுத்துப் போனில் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சொல்லாதவர்களிடம் ஏன் போகவேணும் என்று நானும் ஒரு கட்டைவிரலோடு நின்றுவிட்டேன்.

அடுத்த புதனுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பினேன். "மாமி, நான் சாம்பல்தீவில இருந்து கதைக்கிறன். உங்கட பேத்திக்கும் என்ர பிள்ளைக்கும் பஸ் இல்லை. நீங்கள் கட்டாயம் வரவேணும்." மாமியை மாமி என்றும், அக்காவை அக்கா என்றும், ராத்தாவை ராத்தா என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. பிறகு இருப்புக் கொள்ளவில்லை. தையல் மெசினில் இருந்தபடி போனையே பார்ப்பேன். கேட்டார்களா, கேட்கவில்லையா? பிளவுஸின் இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, இருந்து பிரித்தேன். பதில் போட்டவர்கள் மிகக் குறைவு. இந்த முறை கட்டைவிரல்கூட இல்லை. மகளின் படிப்பு அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

புதன்கிழமை டிப்போ வாசலில் நிற்க இடமில்லை. கலியாண வீட்டுக்கு வருகிற மாதிரி நல்ல சீலை உடுத்து வந்திருந்தார்கள். ராத்தா தன் பக்கத்து ஆட்களுக்கு வீடு வீடாகச் சொல்லி, ஒரு வான் வண்டி நிறையக் கூட்டி வந்திருந்தார். ஒவ்வொருவரும் தேடிவந்து என் கையைப் பிடித்து, தாங்கள் வந்துவிட்டதைச் சொல்லிவிட்டே கூட்டத்தோடு சேர்ந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பொறுப்பதிகாரி இந்த முறை வெளியே வந்தார். விரைவில் நல்ல முடிவு எடுத்து பேஸ்புக்கில் அறிவிப்பதாகச் சொன்னார்.

"பேஸ்புக்கில போடவேண்டாம்," என்றேன். "என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ. பஸ் எப்ப வரும்?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். "திங்கக்கிழமை," என்றார்.

திங்கட்கிழமை வெயில் தாழ முன்னமே பஸ் தரிப்பில் போய் நின்றேன். வருமா, பேய்க்காட்டி ஏமாற்றிவிட்டாரா என்று றோட்டில் அங்கும் இங்கும் நடந்தேன். இருட்டுப்படுகிற நேரம் பஸ் வந்தது. மகள் வேர்த்து விறுவிறுத்து இறங்கினாள்.

"சரியான சனம் அம்மா. டவுனில இருந்து நிண்டுகொண்டுதான் வந்தனான்," என்று முறைப்பட்டாள். கையில் கெமிஸ்ரிக் கொப்பி இருந்தது.

"நில்லு," என்றேன். "ரெண்டு வருசமும் நிண்டுகொண்டே வா."