அம்மாவின் முழங்கால்கள்

நொச்சி இலை கொதிக்கும் வாடையோடுதான் தேவகோட்டையில் என் பள்ளிக்கூட நாட்கள் விடிந்தன. அந்த வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து அம்மா முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்வாள். சாக்பீஸ் பிடிக்கிற விரல்கள் காலையில் மடங்காது, பாயைவிட்டு எழச் சுவரைப் பிடிக்க வேண்டும். அவளுக்கு மாதவிலக்கு நின்றதும் இந்த வலி வந்த அதே வருஷம்தான். "விட்டுச்சு ஒரு தொல்லை" என்றாள் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. அதற்கும் இந்த வலிக்கும் சம்பந்தம் உண்டென்று யாருக்குத் தெரியும்?

அக்டோபர் பிறந்தால் மாதா சுரூபம், கோயிலில் இருக்கும் அந்தச் சிலை, வீடு வீடாகப் போகும். போகிற வீட்டிலெல்லாம் செபமாலையை முன்னால் இருந்து சொல்வது டீச்சரான என் அம்மாதான். கணீரென்ற குரல், அவளுக்கென்று ஊரில் இருந்த மரியாதை அது ஒன்றுதான். அந்த வருஷம் ஒருநாள் வலி பொறுக்காமல், செபத்தின் நடுவே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அத்தை சபையில் வைத்தே கேட்டாள்: "ஏத்தா, முட்டி போடாத செபம் கூரையத் தாண்டுமா? என்ன பாவமோ, சாமிகிட்டக் கேட்டுப் பாரு."

அம்மா அதை நம்பினாளே, அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். சனிக்கிழமைதோறும் கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். "ஒரு பாவமும் இல்லம்மா, வைத்தியம் பாருங்க" என்று சாமியாரே சொல்லியும், தான் மறந்துபோன பாவம் ஏதோ இருக்கிறதென்று முடிவுகட்டி, விரிப்புகூட இல்லாமல் வெறும் சிமெண்டுத் தரையில் முன்னைவிட அதிக நேரம் முட்டி போட்டாள். வலி கூடக் கூடத் தவமும் கூடியது. கடைசியில் முட்டி வீங்கி, அடுத்த அக்டோபரில் வேறொருத்தி செபம் சொல்ல, அம்மா வீட்டிலேயே கிடந்தாள்.

போன வருஷம் எனக்கும் மாதவிலக்கு நின்றது. கையும் முட்டியும் பிடித்துக்கொண்டன. காரைக்குடி டாக்டரம்மா, இந்த வயதில் உடம்பில் ஹார்மோன் சுரப்பு குறைவதால் பல பெண்களுக்கு மூட்டு வலிப்பதுண்டு என்றார். தினமும் நடக்கவும், தொடைக்குப் பலம் தரும் பயிற்சி செய்யவும், வலிக்கிற முட்டியைத் தரையில் ஊன்றாமல் இருக்கவும் சொன்னார். எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இப்போது செபமாலை நடக்கிற வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிடுகிறார்கள், யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மாவின் அந்தக் கணீர்க் குரலும் தேய்ந்துவிட்டது.

கட்டிலோடு கிடக்கும் அம்மாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். போர்வையை விலக்கித் தன் முட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"யாத்தே! அப்ப அம்புட்டு வருசமும் நான் எதுக்குடி மன்னிப்புக் கேட்டேன்?"