வேலம்பட்டைத் தண்ணியில் வெந்த கம்பளி

கும்மிடிப்பூண்டியில் எந்த ஃபேக்டரி கேட்டில் வேண்டுமானாலும் போய் நின்று, மெஸ் நடத்துகிற அம்மா எங்கே என்று கேளுங்கள், என்னைத்தான் கை காட்டுவார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் வாத்தியார் பாதியில் மாற்றலாகிப் போய்விட்டார், அதனால் இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்கள் என் மீன் குழம்புக்காகத் தட்டை ஏந்திக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றிருக்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்வது என்று உட்கார்ந்தால் இன்னும் நிறைய இருக்கிறது.

முதல் மெஸ் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதற்கு ஊரில் பல கதை ஓடுகிறது. மந்திரித்து வாங்கினேன் என்பவர்கள் உண்டு. கட்சிக்காரரைப் பிடித்தேன் என்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. ஸ்வெட்டர் பின்னி வாங்கினேன்.

பங்களாதேஷ் சண்டை நடந்த சமயம். நான் பழவேற்காடு ஏரி ஓரத்துக் குப்பத்திலிருந்து இறால் கூடையோடு பஸ் பிடித்து வருவேன். கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் ஒவ்வொரு ஃபேக்டரியாக முளைத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு ஃபேக்டரி மேனேஜர் வீட்டில் எனக்கு வாடிக்கை. அந்த வீட்டு அம்மா டில்லியில் இருந்துவிட்டு வந்தவர். நம்ம தமிழ் மனுஷிதான், ஆனால் எதைப் பேசினாலும் டில்லியிலிருந்து புறப்பட்டுத்தான் இங்கே வந்து சேருவார். டில்லியில் இறால் இப்படி நாறாது. டில்லியில் இறாலே கிடையாது என்பதை நான் பிற்பாடுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

எல்லையில் பனியில் நிற்கிற சிப்பாய்களுக்குக் கம்பளிச் சட்டை பின்னி அனுப்புவது என்று அந்த அம்மா ஒரு சங்கம் சேர்த்தார். ஆபீசர் வீட்டுப் பெண்கள் எல்லாம் அதில் மெம்பர். பின்னத் தெரிந்தவர் அம்மா ஒருத்தர்தான். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, தப்பாய்ப் பின்னியதை அவிழ்த்து, மறுபடி பின்னி, முதல் சட்டைக்கு முதுகுப்பக்கம் முடிகிறதற்குள் சண்டை முடிந்துவிட்டது. ரேடியோவில் சொன்னதும் ஒருத்தி ஊசியைக் கீழே வைத்து, அப்போ நாங்க கிளம்பலாமா என்று கேட்டாளாம். "சண்டைதான் முடிஞ்சுது, குளிர் முடியலை" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

ஆகவே மாசி முடிந்து பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற காலத்திலும் சங்கம் நடந்தது. ஃபேனுக்கு அடியில் வட்டமாக உட்கார்ந்து, கழுத்து வேர்வையில் கம்பளித் தூசு ஒட்டி, ஒரு கையால் பின்னி ஒரு கையால் சொறிந்துகொண்டு தேச சேவை செய்தார்கள்.

கொல்லைப்பக்கம் இறால் உரித்துக்கொண்டிருந்த நான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கேஷியர் வீட்டம்மா கையில் கண்ணி ஒன்று நழுவி, சர்ரென்று பாதி சட்டை அவிழ்ந்துகொண்டிருந்தது. நான் பிறந்ததிலிருந்து வலைக்குள் வளர்ந்தவள். வலையில் ஒரு கண் அறுந்தால் பக்கத்து முடிச்சு பிடித்துக்கொள்ளும். இதில் முடிச்சே இல்லை. இவ்வளவு பெரிய மனுஷர்கள் இப்படி நம்பிக்கையில்லாத சாமானையா மிலிட்டரிக்கு அனுப்புகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் பின்றேம்மா" என்றேன். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். இரண்டு முறை கழுவச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே சட்டைக்கு ஒரு கை முழுக்கப் பின்னிக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு அதில் ஒரு காரியம் இருந்தது, மறைப்பானேன். ஃபேக்டரி கேட்டை ஒட்டி ஒரு தகர ஷெட்டு சும்மா கிடந்தது. ஆட்கள் நாஷ்டாவுக்கு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஷெட்டு கிடைத்தால் நான் கூடை சுமக்கிற வேலையே வேண்டாம். ஆனால் கேஷியர் வீட்டம்மா தன் தம்பிக்கு அதைக் கேட்டு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். நான் மேனேஜர் அம்மாவிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, சங்கத்துச் சட்டையை வாங்கிப்போக மெட்ராஸிலிருந்து பெரிய சங்கத்து அம்மா ஒருத்தர் வரப்போகிறார், அதற்குள் உன் குப்பத்துப் பெண்களை வைத்து ஒரு மூட்டை பின்னிக் கொண்டுவா, அவர் மெச்சினால் ஷெட்டு உனக்கு, இல்லாவிட்டால் அந்தத் தம்பிக்கு என்று தீர்ப்புச் சொன்னார்.

நூல் உருண்டைகளை இறால் கூடையில் போட்டு எடுத்துப்போனேன். எங்கள் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. நான் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் அதிக நேரம் ஆகாது. கரையில் கவிழ்த்த படகு நிழலில் உட்கார்ந்து, ஊர் வம்பு பேசிக்கொண்டே பின்னித் தள்ளினார்கள். அளவு பார்க்க வேண்டுமே, என் புருஷனைப் பிடித்து ஒன்றை மாட்டிவிட்டேன். அவர் அங்கேயே நெளிந்தார்.

"இன்னாமே, தாலியறுக்கறதுக்கு இம்மாம் அவசரமா? வெயில்ல நின்னுக்கினு ஆட்டைப் போத்திக்கினா மாதிரி கீது."

"யோவ், கையத் தூக்குய்யா, அக்குள் பிடிக்குதான்னு பாக்கணும்."

மூட்டை தயாராகிவிட்டது. அதோடு கட்டி எடுத்துப் போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் எங்கள் குப்பத்தில் ஒரு பழக்கம். நைலான் வலை வாங்க எங்களிடம் ஏது டப்பு, பருத்தி வலைதான். புது வலை எதுவும் பச்சையாகத் தண்ணீரில் இறங்காது. வேலம்பட்டையை இடித்துப் போட்டுக் கொதிக்கவிட்டு, அந்தத் துவர்ப்புத் தண்ணீரில் வலையை வேகவைத்து எடுத்தால்தான் நூல் அழுகாது. பனி என்றால் என்ன, தண்ணீர்தானே. இந்த நூலோ ஒரு முடிச்சுக்குக்கூட வக்கில்லாதது. சிப்பாய் பிள்ளைகள் அதை மாட்டிக்கொண்டு நிற்கும்போது நாலே நாளில் அழுகிக் கழன்று விழுந்தால் குப்பத்துக்கு அல்லவா கெட்ட பெயர்? நான்தான் சொன்னேன், அவித்துவிடலாம் என்று. அது நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன், வலையாக இருந்திருந்தால்.

வலை அவிக்கிற அண்டாவை அடுப்பில் ஏற்றி, பட்டைத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மொத்த மூட்டையையும் உள்ளே தள்ளி, துடுப்பால் கிண்டினோம். வலைக்கு எவ்வளவு நேரம் கிண்டுவோமோ அவ்வளவு நேரம். அடித்துக் கிண்டினால்தான் சாறு ஏறும்.

வெளியே எடுத்தால் சட்டையைக் காணோம். அண்டாவுக்குள் வேறு யாரோ புகுந்து மாற்றி வைத்த மாதிரி, காப்பிக்கொட்டை நிறத்தில், கோணிப்பை தடிப்பில், பாதி அளவுக்கும் குறைவாகச் சுருங்கி, குட்டிக் குட்டியாக ஏதோ வந்தது. இழுத்துப் பார்த்தோம், இம்மியும் நீளவில்லை. ஆட்டு முடி வெந்நீரில் சுருங்கி இறுகும் என்று பருத்தி வலை அவித்தவளுக்கு எப்படித் தெரியும்? பெண்கள் எல்லாரும் அண்டாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். என் புருஷன் ஒன்றை எடுத்துத் தன் முஷ்டியில் மாட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"யார்மே அந்தச் சிப்பாயி? பால்குடி மறந்துட்டானா?"

பேஜாராகப் போய்விட்டது. புதிதாகப் பின்ன நூலும் இல்லை, நாளும் இல்லை. போகாமல் இருந்துவிடலாம் என்று பெண்கள் சொன்னார்கள். போகாவிட்டால் ஷெட்டு கேஷியர் வீட்டுத் தம்பிக்கு. போனால் ஒருவேளை அவனுக்கு. அந்த ஒருவேளைக்காக மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மேனேஜர் வீட்டு ஹாலில் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, எல்லாருடைய சட்டையையும் அடுக்கியிருந்தார்கள். கேஷியர் வீட்டம்மா பின்னியதில் ஒரு கை இடுப்போடு நின்றது, இன்னொரு கை முழங்கால் வரைக்கும் போனது. அதையும் மடித்துத்தான் வைத்திருந்தாள், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. என் மூட்டையைப் பிரித்ததும் மேனேஜர் அம்மா இரண்டடி பின்னால் போனார். பட்டை வாடையும் இறால் வாடையும் சேர்ந்து ஹாலை நிறைத்தது. கேஷியர் வீட்டம்மா ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"ஏம்மா, எல்லையில இப்ப எலியா காவல் நிக்குது?"

எல்லாரும் சிரிக்கும்போதே கார் வந்துவிட்டது. மெட்ராஸ் அம்மா வந்தார், காப்பி குடித்தார், மேஜை ஓரமாக நடந்து வந்தார். பெரிய சட்டைகளை எல்லாம் கும்பிட்டுவிட்டுக் கடந்து போகிற மாதிரி கடந்து, என் மூட்டைக்கு முன்னால் நின்றார். ஒன்றை எடுத்து இழுத்தார். மோந்து பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். மேனேஜர் அம்மா திருடியைக் காட்டுகிற மாதிரி தூரத்திலிருந்து என்னைக் காட்டினார்.

"சிப்பாய்ங்களுக்கு வந்த ஸ்வெட்டர் மெட்ராஸ்ல கூரை வரைக்கும் குமிஞ்சு கெடக்கு" என்றார் மெட்ராஸ் அம்மா. "இனிமே பெரிய சைஸ் வாங்கறதா இல்லை. நீலகிரியில அநாதைக் குழந்தைங்க விடுதிக்குத்தான் கேக்கறாங்க. எங்கே போனாலும் பெரியவங்க சைஸே குடுக்கறாங்க. இங்கேயாவது ஒருத்தருக்குத் தோணியிருக்கே."

மேனேஜர் அம்மாதான் முதலில் சுதாரித்தவர்.

"நான்தான் சின்னதாவே பண்ணச் சொன்னேன். டில்லியில எப்பவும் குழந்தைங்களைத்தான் முதல்ல நினைப்போம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாக எனக்கு ஷெட்டின் தகரக் கூரை தெரிந்தது.

"ஆமாம்மா" என்றேன். "அம்மா சொன்னாங்க, நாங்க செஞ்சோம்."

என் மூட்டை காரில் ஏறிப் போனது. மற்றதெல்லாம் வெள்ளைத் துணி மேலேயே கிடந்தது. எல்லாரும் கலைந்த பிறகு மேனேஜர் அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, நிஜத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் திட்டுவார் என்று பார்த்தால், மேஜை மேல் கிடந்த குவியலைத் திரும்பிப் பார்த்தார்.

"இதையும் அந்த மாதிரி அவிச்சு எடுக்க முடியுமா?"

"முடியும்மா. ஆனா பெரிய அடுப்பு போடணும், எடம் வேணும். அந்த ஷெட்டு சும்மாத்தானே கெடக்குது."

அன்று சாயங்காலம் ஷெட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது. மறுநாள் புருஷனோடு அண்டாவைக் கொண்டுவந்து கல் கூட்டி ஏற்றினேன். ஷிப்டு முடிந்து வந்த ஆட்கள் புகையைப் பார்த்துவிட்டு, மெஸ் திறந்தாச்சு என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"இன்னாக்கா கொதிக்குது, ஆடா?"

"ஆட்டு முடி நைனா. நாளைக்கி வா, இட்லி போடறேன்."

ஆட்கள் போன பிறகு கேஷியர் வீட்டம்மா வந்தாள். புடவைத் தலைப்புக்குள் தான் பின்னிய சட்டையை மறைத்து எடுத்து வந்திருந்தாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அந்த நீளமான கையை மட்டும் கொஞ்சம் அதிகமாக வேகவைக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள். உட்கார மணை எடுத்துப் போட்டேன். அந்தக் கையை மட்டும் அண்டாவுக்குள் தொங்கவிட்டு, மற்றதை நான் வெளியே பிடித்துக்கொண்டேன். துடுப்பு அவள் கையில் இருந்தது.