நாலாவது ஸ்க்ரூ

ராயப்பன்பட்டி அமிர்தராஜுக்கு மருந்தடிக்கும் மெஷின் ரிப்பேர்தான் பிழைப்பு. திராட்சைத் தோட்டக்காரர்கள் கொண்டுவருவதில் ஒரு சின்ன புஷ் வளையம் தேய்ந்திருந்தாலும் கடைசல் பிடிக்கத் தேனிக்கு ஓட வேண்டும். அலுத்துப்போய், சொந்தமாக ஒரு கடைசல் லேத் செய்தே தீருவது என்று இறங்கிவிட்டார் மனுஷன். இரும்புச் சேனல், பழைய கிரைண்டர் மோட்டார், கடையும் இரும்பைக் கவ்விப் பிடிக்கக் காயலான் கடை ‘சக்’ என்று கொட்டகையே நிரம்பிவிட்டது. மனைவி செலினுக்கு இதில் எரிச்சல் பாதி, பெருமை பாதி. பிடிக்கச் சொன்னதைத் திட்டிக்கொண்டே பிடிப்பாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், அந்தச் ‘சக்’கைத் தாங்கிச் சுழலும் வட்டத் தகட்டைப் பூட்டினார்கள். பின்பக்கம் நாலு ஸ்க்ரூ. தலை வெளியே தெரியாமல் பதிவதற்காகக் குழிகளின் வாயை அகலப்படுத்தியிருந்தார். மூன்று வழுவழுவென்று உட்கார்ந்துவிட்டன. நாலாவதற்கு ஆழம் பத்தவில்லை.

"கையில தட்டுப்படுதுங்க," விரலால் தடவிச் சொன்னாள் செலின்.

"பேரிங் சத்தம் கேக்கத்தான இப்ப ஓட்டப் போறேன்? பெறகு கழட்டிக் குடைஞ்சுக்கிருவோம்."

அவரை அஜாக்கிரதைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. சுற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் துணி ஆகாது என்று சட்டையைக் கழற்றினார், லுங்கியை இறுக்கிக் கட்டினார், அவளுடைய முந்தானையையும் செருகச் சொன்னார். கழுத்தில் கிடந்த உத்தரியத்தை மட்டும் இருவருமே நினைக்கவில்லை. மாதா படம் தைத்த இரண்டு சின்னத் துணித்துண்டு, அவற்றைச் சேர்க்கும் கயிறு. சிறுவயதில் கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து கிடக்கிறது. குளிக்கும்போதும் கழற்றாததை யார் துணி என்று எண்ணுவார்கள்?

ஸ்விட்சைப் போட்டார். ஓடியது! செலினுக்குக் கைதட்டத் தோன்றியது. அவர் பேரிங்கில் காதை வைக்கக் குனிந்தார்.

அவர் தலை வெடுக்கென்று உள்ளே போனது. இரண்டு கையையும் சேனலில் ஊன்றி எதிர்த்துத் தள்ளினார். பெல்ட் வழுக்கிக் கிரீச்சிட்டது. அவரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. செலின் பாய்ந்துபோய் ஒயரைப் பிளக்கோடு பிடுங்கினாள்.

எல்லாம் நின்றது. முகத்துக்கும் இரும்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிகூட இல்லை. கயிறு அந்த ஸ்க்ரூத் தலையில் மாட்டிச் சுற்றி, கழுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. விரலை நுழைத்து இழுத்தாள். அறுந்துவரவில்லை. எப்படி அறும்? அவள் கட்டிய கயிறல்லவா. வேர்வையில் இற்று இற்று அறுந்துபோகிறதே என்று, தவக்காலத்தில் அவள்தான் பழைய கயிற்றை எறிந்துவிட்டு, திராட்சைக் கொடி கட்டும் நைலானில் கோத்துவிட்டிருந்தாள். யானை இழுத்தாலும் அறாது என்று பீற்றிக்கொண்டவளும் அவள்தான்.

கொடி வெட்டும் கத்தரியால் அறுத்தாள். அவர் தரையில் சரிந்து இருமினார். செலினோ, உத்தரியத்தோடு செத்தால் நரகம் இல்லை என்று கேட்டு வளர்ந்தவள். உத்தரியத்தாலேயே செத்துப்போயிருந்தால்?

"மாதாதான் காப்பாத்துனாக," என்றார் அவர், தொண்டை கரகரக்க.

"அவுக காப்பாத்துனாக. கொல்லப் பாத்தவ நானு," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை நாலாவது குழியைக் குடைந்து ஸ்க்ரூவைப் பதித்தார். மெஷின்கிட்ட வரும்போது உத்தரியத்தைக் கழற்றி வையுங்கள் என்றால் மட்டும் கேட்கவில்லை. செலின் தையல் பெட்டியைத் திறந்து சாதாப் பருத்தி நூலில் கோத்தாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

பட்டென்று அறுந்தது. அதே நூலில் மறுபடியும் கோத்து, அவர் கழுத்தில் போட்டுவிட்டாள்.