வலது பக்கப் பை

திருமங்கலத்தில் எங்கள் தெருவில் ஆண்கள் சட்டை தைப்பவள் முத்துச்செல்வி. கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்கும். சொன்ன நாளில் துணி கொடுக்கும் தையல்காரர் எனக்குத் தெரிந்து ஊரிலேயே அவள் ஒருத்திதான். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவளை அசைக்க முடியாது.

போன தை மாதம் அவள் கணவர் காளை தோட்டத்தில் தனியாகத் தண்ணீர் பாய்ச்சும்போது மயங்கி விழுந்தார். ஆடு மேய்க்க வந்தவர் கண்ணில் பட்டதால் பிழைத்தார். மதுரைக்குக் கொண்டுபோய் இடது நெஞ்சில், தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். துடிப்பு தவறாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன மெஷின் அது.

வீடு திரும்பியவரைப் பார்க்க டீக்கடை சங்கிலி வந்தார். கொண்டுவந்த ஆரஞ்சைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். செல்போன் அலை பட்டால் அந்த மெஷின் பட்டென்று நின்றுவிடும் என்று ஒரு வீடியோவைக் காட்டினார். அதைக் காட்டியதும் செல்போனில்தான், அதுவும் காளையின் நெஞ்சுக்கு நேரே நீட்டி.

அன்றோடு காளை போனைத் தொடவில்லை. அரிசி அளக்கப் போன முத்துச்செல்விக்கு அது துண்டில் சுற்றி டிரம்முக்குள் புதைந்து கிடப்பது தெரிந்தது. மனிதரோ வெறுங்கையோடு மறுபடி தோட்டத்துக்குக் கிளம்பியிருந்தார். அடுத்த முறையும் ஆட்டுக்காரர் வருவாரா?

மறுநாளே மதுரைக்குப் பஸ் ஏறி டாக்டர் முன்னால் போய் நின்றாள். போனை விட வேண்டியதில்லை, மெஷின் மேலேயே வைக்கக் கூடாது, ஆறு இஞ்ச் தள்ளி இருந்தால் போதும், பேசும்போது வலது காதில் வைக்கட்டும் என்றார் அவர். அவளுக்கு வேண்டியது அந்த அளவுதான். வந்ததும் காளையை நிறுத்தி டேப்பை வைத்தாள். மெஷின் துருத்திய இடத்திலிருந்து வலது மார்புக்கு ஆறுக்கு மேலேயே இருந்தது.

ஆண்கள் சட்டைக்குப் பை இடது பக்கம்தான். அவளும் காலமெல்லாம் அப்படித்தான் தைத்திருக்கிறாள். அன்று கணவரின் சட்டைகளை மொத்தமாக அள்ளி வந்து, பையைப் பிரித்துப் பிரித்து வலது பக்கம் தைத்தாள். நீலச் சட்டையில் பழைய பை இருந்த இடம் வெளுக்காமல் சதுரமாகத் தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

“கண்ணாடியப் பாத்துத் தச்சுச்சாண்ணே மதினி?” என்றார் சங்கிலி. டீக்கடையே சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? காளை கூனிக்குறுகி வீட்டுக்கு வந்து, போனும் வேண்டாம் பையும் வேண்டாம் என்றார்.

“சிரிக்கிறவன் வரப்புக்கு வந்து ஒங்களத் தூக்கப்போறானா? இந்தப் பை இல்லாம நீங்க வாசப்படி தாண்டக் கூடாது.”

பூட்டிய போனிலும் அவசர அழைப்பு போகும். அதற்கு எங்கே அமுக்க வேண்டும் என்று தினமும் காலையில் காட்டச் சொல்லி, சரியாகக் காட்டினால்தான் மோட்டார் ரூம் சாவியைக் கொடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல் அவரும் காட்டிவிட்டுப் போவார்.

ஆனி மாதம் ஒருநாள் வாய்க்காலில் வழுக்கி விழுந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை, நெஞ்சு படபடத்தது. சுற்றிலும் ஒரு ஆளும் இல்லை. கை பழைய பழக்கத்தில் இடது பக்கம் போய் வெறும் துணியைத் தடவியது. பிறகு வலது பக்கம் போனது. 108 வந்துவிட்டது.

நெஞ்சில் ஒயர் ஒட்டுவதற்காக ஆம்புலன்ஸ் ஊழியர் சட்டையை வெட்டப் போனார். காளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெட்டாதீங்க தம்பி. பட்டனக் கழட்டுங்க. என் வீட்டுக்காரி தச்ச பை.”

முத்துச்செல்வி பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். காளை சேறு காயாத அந்தச் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தார். போன் பைக்குள், மெஷினுக்கு நேர் மேலே இருந்தது. அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. அழுதபடியே சட்டையை உருவி அவருடைய வலது பக்கம் வைத்தாள்.

“ஆறு இஞ்சு” என்றாள்.