வீட்டு வரிக்குப் பழைய இரும்பு

பழைய இரும்பைக் கொடுத்தால் வீட்டு வரியில் கழித்துக்கொள்கிறார்களாம் என்று அண்ணனூர் ஸ்டேஷன் வாசலில் கிளம்பிய பேச்சு, சென்னீர்குப்பம் போய்ச் சேர்வதற்குள் பித்தளைக்கு இரட்டிப்புக் கழிவு என்று வளர்ந்துவிட்டது. ஃபிளாட்டில் இருக்கிற ஐ.டி. ஆட்களே பால்கனியில் துணி காயப்போட்டிருந்த உடற்பயிற்சி சைக்கிளைத் துடைத்து வைத்துவிட்டார்கள் என்றால், விசாரித்துத்தானே ஆக வேண்டும்? விசாரித்துக்கொண்டே போனால், வழி கள்ளிக்குப்பத்தில் உத்தமனின் லோடு ஆட்டோவில் முடிகிறது.

உத்தமன் பழைய இரும்பு எடுக்கிறவர். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதும், குரலைப் பென் டிரைவில் ஏற்றி ஒலிபெருக்கியில் விட்டார். அந்தச் சமயம் பார்த்து வரி அலுவலகம் ஒன்று, விளம்பர வேலையைச் சிறுதொழில் செய்வோருக்கும் பிரித்துக் கொடுப்பது என்று முடிவெடுத்தது. வண்டி, ஒலிபெருக்கி, குரல் மூன்றும் சொந்தமாக வைத்திருந்த ஒரே விண்ணப்பதாரர் உத்தமன்தான்.

"கூட்டம் கூடணும் உத்தமன்" என்றார் விளம்பர அதிகாரி வீரராகவன். "கூடினா ஆவடி முழுக்க விளம்பர வேலை உங்களுக்கு. இல்லேன்னா பழைய கம்பெனிக்கே போயிடும்."

இரும்பு வியாபாரம் படுத்துக் கிடந்த உத்தமனுக்கு ஆவடி என்றால் சிங்கப்பூர். அரசு முத்திரை போட்ட பேனரைத் தராசுக்கு மேலே கட்டினார். "மதிப்பிற்குரிய சொத்துவரி செலுத்துவோரே" என்று தொடங்கும் வாசகத்தை மூச்சு முட்டப் படித்து, அதே பென் டிரைவில் ஏற்றினார். வந்தது வினை. வரி விளம்பரம் முடிந்த கையோடு பழைய இரும்புப் பதிவும் தானாக ஓடியது: "வரியை உடனே செலுத்தி வளர்ச்சிக்கு உதவுவீர்! பழைய இரும்பு, ஈயம், பித்தளை, ஓட்டைக் குடம் எடுக்கறதேய்!"

முதல் தெருவிலேயே ஜனம் திரண்டது. கமலம் என்கிற அம்மாள் தன் வீட்டு இரும்புக் கேட்டையே கழற்றி, ஆள் வைத்துத் தூக்கி வந்துவிட்டார்.

"இந்தா நைனா. இந்த வருச வரிய கழிச்சிகினு ரசீது குடு."

"யக்கா, அது வேற, இது வேற. மைக்கு தப்பா பாடிடுச்சி."

"இன்னா தப்பு? கெவருமெண்டு போர்டு மாட்டிகினு கீற. அப்பால தராசு இன்னாத்துக்கு, தலைய நிறுக்கவா?"

அதற்குள் வீரராகவனின் ஜீப் வந்து நின்றது. ஆர்டர் போச்சு என்று உத்தமன் அந்தக் கேட்டுக்குப் பின்னாலேயே பதுங்கினார். கேட் கம்பி கேட். ஆள் முழுசாகத் தெரிந்தார். அதிகாரியோ கூட்டத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பழைய கம்பெனி நடத்திய விழிப்புணர்வு ஊர்வலத்தில் நாய்கள் மட்டுமே கலந்துகொண்டிருந்தன.

"சார், இரும்பு வெளம்பரமும் சேந்து ஓடுது. கட் பண்ணிடறேன்."

"கை வைக்காதீங்க! இதே பதிவுன்னு மேலிடத்துக்குப் படத்தோட அனுப்பியாச்சு. இனிமே ஒரு வார்த்தை மாத்தணும்னாலும் புது அனுமதி வாங்கணும்."

"ஜனங்க இரும்ப குடுத்தா சார்?"

"அது உங்க சொந்தத் தொழில். அதுல அரசு தலையிடாது."

ஆவடி கிடைத்துவிட்டது. வரி வசூல் ஏறியதா என்று யாரும் கேட்கவில்லை, இரும்பு ஏறியிருக்கிறது. கமலத்தின் கேட்டை உத்தமன் எத்தனையோ முறை திருப்பிக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டார். குடுத்தது குடுத்ததுதான், ரசீது எங்கே என்கிறார் அந்த அம்மாள். திறந்து கிடக்கிற வாசல் வழியாகத் தெரு மாடுகள் நுழைந்து செம்பருத்தியை மொட்டையடிக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் விரட்டப் போனால், கமலம் தடுத்துவிடுகிறார்.

"மேயட்டும் வுடுங்க. எல்லாம் அந்த உத்தமன் கணக்குல ஏறிகினு கீது."